மூன்று ஊசிகளுக்கான தொடக்க விழா

மைக் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் தொடங்காது. படகுத்துறையில் ஒரு விளக்குக் கம்பம் நட்டாலும் துணைமேயர் வந்து பேசுவார். மறு வருடம் அந்தக் கம்பத்தைப் பனி சாய்த்துவிட்டால், சாய்ந்ததற்கு வருத்தம் தெரிவித்தும் பேசுவார். இரண்டுக்கும் மைக் என்னுடையது. ஹமனோசே நகராட்சிக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் செரிதா நான்தான். இந்த ஊரில் பேசப்பட்ட பேச்சுகளை முழுவதுமாகக் கேட்டவன் நான் ஒருவன்தான் என்று துணிந்து சொல்வேன். மற்றவர்களுக்குத் தூங்கும் வசதி உண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்க நான் விழித்திருந்தாக வேண்டும்.

என் கிடங்குக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் ஹகிதானி. மீன் கேக் செய்யும் ஆலையில் ஆவி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். நடக்கும்போது மின்கம்பத்தில் இடித்துக்கொண்டால் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர். மனைவி மனாமி அதற்கு நேர் எதிர். அவளிடம் இடித்துக்கொண்டால் கம்பம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்களுக்கு ஷிஹோ என்று ஒரு பெண் குழந்தை. புத்தாண்டு அரிசிக் கொழுக்கட்டை தீர்ந்த கையோடு அதற்கு இரண்டு மாதம் நிறைந்தது. அதே வாரம் தொடக்கப் பள்ளியில் கக்குவான் இருமல் பரவியது.

பெரிய பிள்ளைகளுக்கு அது இருமல். கைக்குழந்தைக்கு அது இருமல் அல்ல, மூச்சு நின்றுபோகும் நோய். மருத்துவச்சி இதைச் சொன்ன மறுநாள் காலையிலேயே இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகராட்சி நலவாழ்வு மையத்துக்குப் போனார்கள். வரிசை கூப்பிடும் ஒலிபெருக்கி கரகரத்ததால் நானும் அங்கேதான் ஏணி மேல் நின்றிருந்தேன். ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. ‘தடுப்பூசியால் நேர்ந்த விபத்து: இல்லை’ என்று அதில் தங்க எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் ஊருக்கு அதில் பெருமை.

சுகாதாரப் பிரிவுத் தலைவர் குசாகா எழுந்து வந்து வரவேற்றார்.

“வாங்க, வாங்க ஹகிதானி-சான். குழந்தை கொழுகொழுன்னு இருக்கே! கக்குவான் ஊசிதானே? அது நம்ம பிரிவு. தாராளமா போட்டுரலாம். அதுக்கு முன்னாடி குழந்தைப் பிரிவோட நிமோனியா ஊசியப் போட்டுட்டு வந்துடுங்க. அதுக்கும் முன்னாடி பொதுப் பிரிவோட மஞ்சள் காமாலை ஊசி.”

“பொதுப் பிரிவு எதுக்குங்க ஊசி போடுது?” என்றார் ஹகிதானி.

“ஃப்ரிட்ஜ் அவங்களோடதுங்க.”

“கக்குவானத்தான் முதல்ல போடணும்னு...”

“பொதுப் பிரிவு மூணாவது மாடியில இருக்கு. நாங்க தரைத்தளம். மேலேர்ந்துதானே கீழ வரணும்? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல.”

ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே எட்டு வாரம் ஓய்வு. ஓய்வு குழந்தைக்கு அல்ல, பிரிவுகளுக்கு. இந்த முறைப்படி கக்குவான் ஊசி தரைத்தளத்துக்கு இறங்கி வரும்போது செர்ரி பூத்து உதிர்ந்திருக்கும். ஹகிதானி மெதுவாகக் கேட்டார்.

“சிரமத்துக்கு மன்னிக்கணும். மூணையும் ஒரே நாள்ல போட்டுட முடியாதுங்களா? பக்கத்து ஊர்ல அப்படித்தான் போடுறாங்களாம். நாடு முழுக்கவே அப்படித்தானாமே.”

குசாகா தலையை ஒரு பக்கம் சாய்த்து, பற்களுக்கு நடுவே காற்றை உள்ளே இழுத்தார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: முடியாது. கேட்டால் நாய்கூட எழுந்து போய்விடும். ஹகிதானி போகவில்லை. கையில் குழந்தை இருந்ததால் தைரியம் வந்திருக்க வேண்டும்.

“இத்தனூண்டு உடம்பு,” என்றார் குசாகா. “ஒரே நாள்ல மூணு ஊசியா? பாவமா இல்ல?”

மனாமி முன்னால் வந்தாள். “ஒரே நாள்ல போட்டா மூணு வாட்டி அழுவா. நாலு மாசம் இழுத்தடிச்சாலும் மூணு வாட்டிதான் அழுவா. இதுல பாவம் எங்க சார் மிச்சமாகுது?”

“உடம்பு தாங்கணுமேம்மா. மூணு சமாச்சாரம் ஒண்ணா உள்ள போகுதே.”

“நாங்க இந்த வரிசையில நின்ன நேரத்துக்குள்ள ஒம்போது பேர் இவ கன்னத்தக் கிள்ளிட்டாங்க. நீங்களும்தான் கிள்ளுனீங்க. எத்தன கிருமி ஏறியிருக்கும்? அதெல்லாம் எந்தப் பிரிவு, எந்த மாடின்னு கேட்டுக்கிட்டா ஏறுச்சு?”

திரைக்குப் பின்னால் இருந்து டாக்டர் முகாயியின் குரல் வந்தது. எங்கள் ஊரின் ஒரே குழந்தை மருத்துவர் அவர். “குழந்தை தாங்கும்மா. ஒரே நாள்ல போட்டா ஒண்ணும் ஆகாது. போடுறதுதான் நல்லது. பிரிவுங்கதான் தாங்காது.” சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தார். உண்மை தெரிந்த மனிதர். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அன்று அவர் செய்தது தேநீரை ஊதியதுதான்.

“சாதகமா பரிசீலிக்கிறோம்,” என்றார் குசாகா.

திரும்பும் வழியில் ஹகிதானி முகத்தில் நிம்மதி. “பாத்தியா, சாதகமான்னு சொல்லிட்டாரு.”

“சாதகமான்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அவரு ரிட்டயர் ஆகுற வரைக்கும்னு அர்த்தம். மண்ணு மாதிரி தலையாட்டிட்டு வந்திருக்கீங்க.”

மனாமி நினைத்தது தவறு. அவர்கள் உண்மையிலேயே பரிசீலித்தார்கள். பரிசீலிக்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது.

‘ஒரே நாள் தடுப்பூசிப் பாதுகாப்பு முன்னேற்றப் பேரவை’ என்று ஒன்று அமைந்தது. ஆறு பேர் உட்காரும் மேசை. ஒருவர் ஏப்பம் விட்டால் மற்ற ஐந்து பேருக்கும் மதியம் என்ன சாப்பிட்டார் என்று தெரியும். அந்த மேசைக்கு ஆறு மைக் கேட்டார்கள், வைத்தேன். நடுவில் ஒரு பொம்மைக் குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். புதுத் தகப்பன்களுக்குக் குளிப்பாட்டக் கற்றுத்தரும் பொம்மை அது.

பிரச்சினை மருத்துவம் சம்பந்தப்பட்டது அல்ல. அது முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. டாக்டர் முகாயி, “எந்தத் தொடையில எதைப் போட்டாலும் ஒண்ணுதான்,” என்றார். அந்தச் சொல்லில்தான் பேரவையே அதிர்ந்தது. எங்கள் ஊரில் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் கதவு எங்கே என்று பார்ப்போம். கதவுக்குத் தூரமான இடம் பெரியவருக்கு, கதவோரம் சின்னவருக்கு. டாக்சியிலும் லிஃப்ட்டிலும்கூட யார் எங்கே நிற்பது என்று முறை உண்டு. அப்படி இருக்க, மூன்றாவது மாடிக்காரர்களின் ஊசியும் தரைத்தளத்து ஊசியும் எந்தத் தொடையானாலும் ஒன்றுதான் என்று ஒரு படித்த மனிதர் சொல்லலாமா?

“கதவுக்குத் தூரமான தொடை எது?” என்று பொதுப் பிரிவுத் தலைவர் கேட்டார்.

“வலது தொடைங்க.”

“அப்ப அது எங்களுக்கு.”

“அது குழந்தையை இப்படிப் படுக்க வச்சா. திருப்பிப் படுக்க வச்சா இடது தொடைதான் தூரம்,” என்றார் குழந்தைப் பிரிவுத் தலைவர். பொம்மையைத் திருப்பியும் காட்டினார்.

“ஐயையோ, வடக்க தலை வருதே!” என்று குசாகா பதறினார். “பிணத்தத்தான் அப்படிப் போடுவாங்க. நாளைக்கு எவனாவது பத்திரிகையில எழுதினா யாரு பதில் சொல்றது?”

பொம்மையை மறுபடி திருப்பினார்கள். மேசையைத் திருப்பினார்கள். கதவை வேறு சுவருக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்றுகூடப் பொறியாளர் பிரிவுக்குத் தொலைபேசிக் கேட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் இன்னொரு சிக்கல் முளைத்தது. ஊசி மூன்று, தொடை இரண்டு.

“ஒரு ஊசிய கையில போடலாமே,” என்றார் பொதுப் பிரிவுத் தலைவர்.

“கையிலயா? எங்கள என்ன, கிளை அலுவலகத்துக்குத் தூக்கி அடிக்கிறீங்களா?” என்று குழந்தைப் பிரிவு சீறியது.

தூங்கிக்கொண்டிருந்த டாக்டர் முகாயி கண்ணைத் திறந்தார். “ஒரே தொடையில ரெண்டு போடலாம்ப்பா. நடுவுல ஒரு அங்குலம் விட்டாப் போதும்.”

குசாகா தொண்டையைச் செருமினார். “அந்த ஒரு அங்குலம் எந்தப் பிரிவோட நிர்வாகத்துல வரும்?”

மூன்றாவது கூட்டம் முழுவதும் அந்த ஒரு அங்குலத்துக்கே போனது. வலது தொடை பொதுப் பிரிவுக்கு, இடது தொடை மற்ற இரண்டு பிரிவுகளுக்கு, நடுவில் உள்ள அங்குலம் கூட்டு நிர்வாகத்தில் என்று முடிவாயிற்று. கைதட்டினார்கள். தொடைக்குச் சொந்தக்காரியான ஷிஹோ அந்த நேரம் மாடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் பள்ளியில் இரண்டு வகுப்புகளை மூடிவிட்டார்கள். ஹகிதானி ஆலையிலிருந்து வரும் வழியில் தினமும் மையத்துக்குப் போனார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம், முகத்தில் மன்னிப்பு.

“அந்த ஒரே நாள் சமாச்சாரமெல்லாம் அப்புறம் ஆகட்டுங்க. கக்குவான் ஊசிய மட்டும் இப்ப போட்டு விட்டுடுங்களேன்.”

“தனி ஊசியா? அது பழைய முறைங்க. புது முறை வருதுன்னு அதை நிறுத்திட்டோம்.”

“புது முறை எப்பங்க வரும்?”

“தொடக்க விழா முடிஞ்ச உடனே. ஹகிதானி-சான், தப்பா நினைக்கக் கூடாது. எல்லாத்தையும் ஒரே நாள்ல போடுங்கன்னு கேட்டது நீங்கதானே? உங்களுக்காக மூணு பிரிவும் ராப்பகலா உழைக்குது. இப்ப வந்து ஒண்ணு மட்டும் போதும்னு சொன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்?”

பாவி மனிதர் அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

பக்கத்து நகரத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்ள நகராட்சியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். சொந்த ஊரில் வசதி இல்லாதவர்களுக்குத்தான் அந்தக் கடிதம். “நமக்குத்தான் வசதி இருக்கே,” என்றார் குசாகா. “எங்கங்க இருக்கு?” என்றதற்கு, “வரப்போகுதே,” என்றார். மனாமி அந்த நகரத்து மருத்துவமனைக்கே நேராகத் தொலைபேசினாள். “நீங்க ஹமனோசேவா? உங்க ஊர்ல ஒரே நாள்ல எல்லா ஊசியும் போடப்போறாங்கன்னு பேப்பர்ல பார்த்தோம். ரொம்ப சந்தோஷம். வாழ்த்துகள்!” என்றார்கள். கடிதம் இல்லாமல் முடியாது என்றும் சொன்னார்கள். அன்று அவள் தொலைபேசியை வைத்த சத்தம் கீழே என் கிடங்குவரை கேட்டது.

விழாவுக்கு நாள் பார்த்தார்கள். நாட்காட்டியில் சுபதினமாகவும் இருக்க வேண்டும், துணைமேயருக்கு வேறு வேலை இல்லாத நாளாகவும் இருக்க வேண்டும். எங்கள் துணைமேயருக்கு எந்த நாளும் வேலை இருந்ததில்லை. ஆனாலும் பிப்ரவரி கடைசியில்தான் நாள் அமைந்தது.

இடம் நகராட்சி உடற்பயிற்சிக் கூடம். வெளியே இடுப்பளவு பனி. விருந்தினருக்குக் குளிரக் கூடாது என்று உள்ளே சுற்றிலும் எண்ணெய் அடுப்புகள் எரிந்தன. நினைவுப் படம் எடுப்பதால் குழந்தைகளை நல்ல உடையில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தாய்மார்கள் பஞ்சு வைத்த உடை, அதன் மேல் ஒரு கம்பளி, அதன் மேல் ஒரு போர்வை என்று பொதி கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். ஷிஹோவின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. மேடைக்குப் பக்கத்து மேசையில் ஐஸ் பெட்டி. அதற்குள் ஊசி மருந்து. அதன் பின்னால் டாக்டர் முகாயி, கோட்டில் பெரிய துணிப்பூ குத்திக்கொண்டு.

துணைமேயர் பேசினார். பனி அகற்றும் பணியில் தொடங்கி, பன்றிக் காய்ச்சலைத் தொட்டு, மறுபடி பனிக்கே வந்து முடித்தார். பொதுப் பிரிவு பேசியது. குழந்தைப் பிரிவு பேசியது. அப்புறம் குசாகா மைக்கைப் பிடித்தார்.

“அன்பான பெற்றோர்களே! போன வருஷம் நம்ம ஊர்ல தடுப்பூசியால ஒரு குழந்தைக்குக்கூடக் காய்ச்சல் வரல. வீக்கம் வரல. அழுகைகூட வரல. எப்படி முடிஞ்சுதுன்னு மத்த ஊர்க்காரங்க வந்து கேக்குறாங்க. நான் சொல்றேன், நாங்க அவசரப்படல. போட்ட ஊசிக்குத்தான் பக்க விளைவு. போடாத ஊசிக்கு ஏதுங்க பக்க விளைவு?”

முன்வரிசை கைதட்டியது. குசாகா குரலை இறக்கினார்.

“பல பேருக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கு. நோய் வந்தா அது இயற்கையோட பொறுப்பு. ஊசியால ஏதாவது வந்தா அது குசாகாவோட பொறுப்பு. இந்த வித்தியாசத்த நான் என் பதவிக் காலத்துல ஒரு நாள்கூட மறந்ததில்ல. இனிமேயும் மறக்க மாட்டேன்!”

கண்ணில் நீர் தளும்ப அவர் இறங்கினார். நான் ஒலியைக் குறைத்தேன். வயரையே பிடுங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ரிப்பன் வெட்டி, பேரவை உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுப்பி உட்காரவைத்து, அதன் பிறகு வெப்பமானி வந்தது. முப்பத்தேழரை டிகிரியைத் தொட்டுவிட்டால் ஊசி கிடையாது என்பது விதி. அடுப்புச் சூட்டில் பொதி கட்டிப் பேச்சுக் கேட்ட குழந்தைகள் எப்படி இருக்கும்? எங்கள் ஹகிதானியின் ஆலையில் ஆவியில் வேகும் மீன் கேக் போலச் சிவந்திருந்தன. வரிசையாக ஒவ்வொரு குழந்தையின் அக்குளிலும் வெப்பமானி வைத்துப் பார்த்து, “காய்ச்சல்”, “காய்ச்சல்”, “காய்ச்சல்” என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே வந்தாள். ஷிஹோவுக்கும் அதேதான்.

“காய்ச்சலாவது மண்ணாங்கட்டியாவது! வேக வச்சுட்டு வெந்துருக்குன்னு சொல்றீங்களே!” என்று மனாமி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு நடைப்பக்கம் ஓடினாள். போர்வையை அவிழ்த்தாள், கம்பளியை அவிழ்த்தாள். ஹகிதானி நிகழ்ச்சி நிரல் அட்டையை எடுத்து மகளுக்கு விசிறினார். அந்த அட்டை பயன்பட்டது அன்று அந்த ஒரு தடவைதான். சற்று நேரத்தில் நர்ஸ் மறுபடி வெப்பம் பார்த்தாள். சூடு இறங்கியிருந்தது. குழந்தை சிரிக்கவும் செய்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடினார்கள். டாக்டர் ஐஸ் பெட்டியைத் திறக்கக் கை வைத்தார். குசாகா நடுவில் வந்து நின்றார்.

“இருங்க டாக்டர். மத்த குழந்தைங்க எல்லாம் போடாம திரும்புது. இந்தக் குழந்தைக்கு மட்டும் போட்டா எப்படி? நகராட்சி பாரபட்சம் பாக்குதுன்னு ஆயிடாதா?”

“அப்ப மத்தவங்களயும் கழட்டிட்டுப் பாருங்க!” என்றாள் மனாமி. “எல்லாருக்கும் சூடு இறங்கிடும்!”

“படம் எடுத்தாச்சேம்மா. படம் எடுத்தா விழா முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஏப்ரல்ல அடுத்த சுபதினம். முதல் ஆளா உங்க பேரத்தான் போடுறேன், போதுமா?”

மருந்து ஐஸ் பெட்டியில் இருந்தது. குழந்தை மேசை மேல் இருந்தது. போடத் தெரிந்த டாக்டர் எதிரில் இருந்தார். மனாமி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் துணிப்பூவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, “ஏப்ரல் ஒண்ணும் ரொம்ப தூரம் இல்லம்மா,” என்றார்.

“சரிங்க,” என்றார் ஹகிதானி.

“என்ன சரி? என்னங்க சரி?” என்று மனாமி கத்தியது என் மைக்கில் விழுந்து கூடம் முழுவதும் எதிரொலித்தது. துணைமேயர் திரும்பிப் பார்த்தார். குசாகா என்னைப் பார்த்து விரலைக் கீழே ஆட்டினார், ஒலியைக் குறை என்று.

மார்ச் முதல் வாரத்தில் என் கிடங்கின் கூரைக்கு மேலே இருமல் கேட்டது. முதலில் ஹகிதானிக்குச் சளி என்று நினைத்தேன். அது பெரியவர்கள் இருமும் இருமல் அல்ல. விடாமல், மூச்சு வாங்க இடம் தராமல், சின்னச் சின்னதாக அடுக்கிக்கொண்டே போகும். அப்புறம் ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரத்தில் மேலே இரண்டு பேரும் ஓடும் சத்தம் வரும். மூன்றாவது நாள் ஆம்புலன்ஸ் வந்தது. ஷிஹோவின் உதடு நீலமாக இருந்தது. கடிதம் இல்லாததால் ஊசி போட மறுத்த அதே பக்கத்து நகர மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். நோயாகப் போனால் கடிதம் கேட்க மாட்டார்கள்.

நான்கு நாள் கழித்துக் குசாகா எனக்குத் தொலைபேசினார்.

“செரிதா, பெரிய செட் வேண்டாம். சின்ன மைக் ஒண்ணு போதும். ஆஸ்பத்திரி வராந்தாவுல வருத்தம் தெரிவிக்கிறோம். பத்திரிகைக்காரங்களும் வர்றாங்க.”

போனேன். தலைமை நர்ஸ் என் வயரைக் கண்டதும் ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், “இங்க குழந்தைங்க மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருக்காங்க,” என்றாள். சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே மூன்று பிரிவுத் தலைவர்களும் கறுப்புக் கோட்டில் வரிசையாக நின்றார்கள். ஹகிதானி வெளியே வந்தார். முகம் மழிக்காமல், ஆலைச் சட்டையோடு. தூங்கி எத்தனை நாள் ஆனதோ.

குசாகா ஒரு அடி முன்னால் வைத்தார்.

“இந்தச் சம்பவத்தால ஊர்ல ஏற்பட்ட சலசலப்புக்கும், பொதுமக்களுக்கு உண்டான கவலைக்கும் நகராட்சி சார்பா ஆழ்ந்த வருத்தத்தத் தெரிவிச்சுக்கிறோம்.”

ஊசி என்ற சொல் அதில் இல்லை. ஷிஹோ என்ற சொல்லும் இல்லை. சொல்லி முடித்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், இடுப்பை மடித்துக் குனிந்தார்கள். காமிராக்கள் மின்னின.

எங்கள் வழக்கத்தில் மன்னிப்புக்காகக் குனிந்தவர் தானாக நிமிரக் கூடாது. எதிரே நிற்பவர், ‘தலைய நிமிர்த்துங்க’ என்று சொல்ல வேண்டும். எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். சொன்னால் அத்தோடு கணக்குத் தீர்ந்தது, ஊர் வேலையைப் பார்க்கப் போகும். ஹகிதானி சொல்லாமல் இருப்பார் என்று அந்த வராந்தாவில் ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அவர் வாயைத் திறந்தார். எதிரே வரிசையாக இருந்த மூன்று உச்சந்தலைகளைப் பார்த்தார்.

உள்ளே இருமல் தொடங்கியது.

ஹகிதானி வாயை மூடிக்கொண்டார். திரும்பி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று பேரும் குனிந்தபடியே இருந்தார்கள். காமிராக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குசாகாவின் முகம் இரத்தம் இறங்கிச் சிவந்துகொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்தபடியே என்னிடம் கிசுகிசுத்தார்.

“செரிதா... போயிட்டாரா?”

“போயிட்டாருங்க.”

“நிமிரலாமா?”

“அத நான் சொல்ல முடியாதுங்களே.”

உள்ளே இருமல் அடுக்கிக்கொண்டே போய் நின்றது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மனாமி மகளின் பெயரை ஒரு முறை கூப்பிட்டாள். வராந்தாவில் நின்றவர்கள், குனிந்தவர்கள், படம் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தையின் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தோம்.

வந்தது. கிழிந்த துணியை இழுப்பது போல ஒரு சத்தத்தோடு, அந்த ஒரு மூச்சு வந்தது.

நான் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் குசாகா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் திரும்பவில்லை.